பீலிக்கு மேலே ஓர் ஆய்வுகூடம்

கொழும்பில் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்பவனுக்கு மஸ்கெலியாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, தோட்டப் பாடசாலை ஒன்றின் உயர்தர மாணவர்களுக்குப் பரிசோதனை செய்துகாட்டப் போனேன். அங்கே இரசாயனவியல் கற்பிக்கும் சாந்தி டீச்சர் இரண்டு வருடமாகச் செய்முறை வகுப்பே வைக்கவில்லை. அமிலக் கழிவை ஊற்ற அங்கே இடமில்லை. அதற்கு என்னிடம் ‘பசுமை இரசாயனம்’ என்றொரு மருந்து இருக்கிறதென்று தொலைபேசியில் பெருமையடித்திருந்தேன்.

காலை ஐந்து மணி பஸ். கினிகத்தேனையில் தேநீர், பத்தரைக்கு ஹட்டன். அங்கிருந்து மஸ்கெலியாவுக்கு வளைந்து வளைந்து ஒரு மணித்தியாலம். டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ எண்ணூறு ரூபாய். மடியில் இருந்த போத்தலை டிரைவர் பார்த்தார்.

“என்ன சார், தேனா?”

“உப்புங்க. ஆனா தண்ணி மாதிரி இருக்கும்.”

“உப்புதானே, கொட்டினாலும் பரவாயில்ல” என்று வேகத்தைக் குறைக்காமலே ஓட்டினார்.

போத்தலில் இருந்தது அயனித் திரவம்; சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் ஒருவகை உப்பு. சல்பூரிக் அமிலம் செய்யும் ஊக்கி வேலையை அதுவும் செய்யும்; ஆவியாகாது, திரும்பத் திரும்பப் பயன்படும். அசற்றிக் அமிலத்தையும் அற்ககோலையும் அதோடு சேர்த்துச் சூடாக்கினோம். மேலே எசுத்தர் என்ற வாசனைத் திரவம் தனிப் படையாக நின்றது. வகுப்பு முழுக்க வாழைப்பழ வாசம். கீழே தங்கிய திரவத்தில் இருந்த நீரைச் சூட்டில் போக்கிவிட்டு அதையே மறுபடி பயன்படுத்தினோம். மறுபடியும் அதே வாசம். பின்வரிசைப் பிள்ளைகள் முன்னே வந்து நின்று கண்ணை மூடி முகர்ந்தார்கள்.

எல்லாம் முடிந்ததும், வழக்கப்படி குடுவையைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்தார்.

“இந்தத் தண்ணி எங்க போகுதுன்னு தெரியுங்களா சார்? கீழ ஊத்துத் தண்ணி விழுற பீலிக்கு. லயத்து வீட்டுச் சனமெல்லாம் அதுலதான் குடிக்கிறாங்க. எங்க அம்மாவும்தான். ஒரு தடவ அமிலம் ஊத்தினப்ப ஓடையில மீன் செத்து மிதந்துச்சு. பசுமைன்னு சொன்னீங்களே, இதக் குடிக்கலாமா?”

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்ப அவர் தயாராக இல்லை. குடிக்கக் கூடாது என்றேன். காற்றுக்குக் கேடில்லையே தவிர, இந்தத் திரவம் தண்ணீரில் கரைந்தால் மீனுக்கும் ஆகாது.

“அப்ப ஒரு சொட்டு விடாம நீங்களே கொண்டு போயிருங்க. அப்படின்னாதான் இனிமே செய்வோம்.”

கழுவிய நீரையெல்லாம் ஒரு கேனில் பிடித்தோம். இறங்கும் வழியில் பீலியடியில் டீச்சரின் அம்மா குடத்தைச் சாய்த்து, “மலையேறி வந்திருக்கீங்க, குடிங்க தம்பி” என்றார். கேனைக் கீழே வைத்துவிட்டு இரு கையாலும் ஏந்திக் குடித்தேன். வெட்கமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம், காலில் ஏறும் அட்டைக்குச் சவர்க்காரம், ஹட்டன் பஸ்ஸை மாலை ஐந்துக்கு முன் பிடித்துவிடுங்கள். ஆய்வுகூடப் பொருள் கொண்டுபோனால், மூடி இறுகும் வெறுங்கேன் ஒன்றும் வேண்டும். கேனைச் சுமந்து வர மாதம் ஒருமுறை போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நான் போகாத மாதம் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு கிடையாது.