இருபத்துமூன்று பேரின் ரத்தம்

ஒரு சின்ன லேப்பில் பதினாறு வருடமாக ரத்தம் எடுப்பவரை எல்லோரும் 'ஊசியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் இருக்கும் ஊசி வலிக்காது. வாய்தான் சுருக்கென்று தைக்கும்.

அந்த வருடம் அவருடைய தங்கைக்கு நான்காவது தடவையாக நெஞ்சில் சளி கட்டியது. தங்கை செல்போன் சார்ஜர்களைப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். பெண்கள் வெளியே பராக்குப் பார்க்கக் கூடாதென்று ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். விடிவதற்குள் வண்டி ஏற்றிக்கொண்டு போகும், இருட்டியபின் இறக்கிவிடும். சாப்பாடும் உள்ளேயே.

கூட வேலை செய்தவர்களும் இருமிக்கொண்டே லேப்புக்கு வந்தார்கள். ஊசியக்காவுக்குப் பொறி தட்டியது. லேப் முதலாளியிடம் மல்லுக்கட்டி, சம்மதித்த இருபத்துமூன்று பேருக்கு வைட்டமின் டியும் துத்தநாகமும் பார்த்தார். இருபத்தொரு பேருக்கு டி அடிமட்டத்தில் கிடந்தது. பாதிப் பேருக்குத் துத்தநாகமும் குறைவு.

அறிக்கைகளை அள்ளிக்கொண்டு கம்பெனி மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"வீட்ல ஒழுங்கா சாப்பிடச் சொல்லுங்கம்மா," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

ஊசியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாப்பாட்டுல வர்ற டி கொஞ்சம்தான் சார். மிச்சம் தோல்ல வெயில் பட்டாத்தான் உண்டாகும். அது ரத்த வெள்ளை அணுவுக்குள்ள போய் ஒரு புரதத்தோட சேர்ந்து, மரபணுவைப் பிடிச்சு எழுப்பும். அது முழிச்சாத்தான் கிருமியைக் கொல்ற சரக்கு தயாராகும். அந்தப் புரதம் மரபணுவை இறுக்கிப் பிடிக்கத் துத்தநாகம் வேணும். இதெல்லாம் இல்லன்னா மரபணு இருந்தும் தூங்கிட்டுத்தான் கிடக்கும்!"

"எல்லா இருமலுக்கும் இதுதான் காரணம்னு எழுதித் தருவீங்களா?"

"மாட்டேன். மனுஷங்களை அரை மணி நேரம் வெளிய விட அப்படி ஒரு எழுத்து வேணுமா சார்?"

மறுநாளே, அதுவரை இந்த லேப்புக்கு வந்துகொண்டிருந்த அந்தக் கம்பெனியின் பரிசோதனை வேலை வேறு லேப்புக்குப் போய்விட்டது. "உன் வாய்தான் கெடுத்துச்சு," என்று முதலாளி குதித்தார். ஊசியக்கா அறிக்கைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மாலை வண்டி வந்து நிற்கும் இடத்துக்குப் போய், அவரவர் அறிக்கையை அவரவர் கையில் கொடுத்து, இறங்கிய ஒவ்வொருத்திக்கும் விளக்கிச் சொன்னார்.

அடுத்த வாரம் நடுப்பகலில் இருபத்துமூன்று பேரும் பெட்டிகளை வைத்துவிட்டு முற்றத்தில் போய் வெயிலில் உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளர் கத்தினார். "அரை மணி நேரத்துல வர்றோம்ணே," என்றாள் தங்கை, இருமிக்கொண்டே. நான்கு நாள் இப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் மேலாளர் இறங்கி வந்து, தினமும் அரை மணி நேரம் வெளியே விடச் சம்மதித்தார்.

வைட்டமின் மாத்திரையும் வெயிலுமாகத் தங்கை மெல்லத் தேறினாள். ஆனால் கூடத்திலேயே மூத்தவளுக்கு நுரையீரல் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. அவள் வேலையை விட்டுவிட்டாள்.

வருடக் கடைசியில் கம்பெனி இதழில் முற்றத்துப் பெண்களின் படம் வந்தது. 'ஊழியர் நலனுக்காக நிர்வாகம் கண்ட புதுமை' என்று கீழே எழுதியிருந்தது. தங்கை சிரித்துக்கொண்டே அதை நீட்டினாள்.

"சிரிக்காதடி," என்றார் ஊசியக்கா. "அவங்க திருடினது வெயிலை. இப்ப பேரையும் திருடுறாங்க."

இதழைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, மூத்தவளின் வீட்டுக்குக் கிளம்பினார். தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதப்போகும் புகாரில் முதல் கையெழுத்து அவளுடையதாக இருக்க வேண்டும்.