வாந்தியே வராத நாள்

மருந்து ஏத்திக்கினு வந்த மனுசன் வஞ்சிரக் கொழம்ப ரெண்டு தபா வாங்கித் துன்னாரு. அங்கயே எனக்குப் பொறி தட்டிச்சு.

எங்கூட்டுக்காரருக்குக் குடல்ல கேன்சர். மூணு வாரத்துக்கு ஒருநாள் ஆஸ்பத்திரியில படுக்கவெச்சு மருந்து ஏத்துவாங்க. மொத மூணு தபா நானும் கூடப் போனேன். வூட்டுக்கு வந்தா ரெண்டு நாளு பக்கெட்டும் கையுமாத்தான் கெடப்பாரு. நாலாவது தபா, "நீ யாவாரத்தப் பாரு, நானே போய்க்கிறேன்"னாரு. நானும் பெசன்ட் நகர்ல மீன் கூடையோட உக்காந்துட்டேன்.

"இன்னாயா, வாந்தியே காணோம்?"னு அன்னிக்கு ராத்திரி கேட்டேன்.

"எல்லாம் உன் இஞ்சிதான்."

இஞ்சி என் வேலைதான். அதுல கீற சத்து கேன்சர் செல்லயே கொன்னுடும்னு போன்ல ஒண்ணு வந்துச்சு. அவருக்குப் படிச்சுக் காட்டுனேன். அன்னிலேர்ந்து தெனம் காலைல இஞ்சியத் தட்டிப் புழிஞ்சு, அடியில தங்குற வெள்ளை மண்டிய உட்டுட்டு, தெளிவுல தேன் கலந்து குடுத்துக்கினு இருந்தேன். நெசமாவே வேலை செய்யுதோன்னு ஒரு நிமிசம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா மனசு ஒப்பல. கையப் புடிச்சுப் பாத்தேன். பஞ்சு இல்ல, பிளாஸ்திரி இல்ல. "பிச்சுப் போட்டேன்"னாரு. புதுசா ஒரு குத்து கூட இல்லயே!

மறுநாள் ஃபைல எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்கே போயிட்டேன்.

"நேத்து அவர் வரவே இல்லையேம்மா"ன்னாங்க டாக்டரம்மா.

வெக்கத்த உட்டு இஞ்சியப் பத்திக் கேட்டேன்.

"குமட்டலுக்கு இஞ்சி கொஞ்சம் உதவலாம். செல்லக் கொல்லுதுன்றது ஆராய்ச்சிக்கூடத்துல, தட்டுல வளத்த செல்லுல பாத்தது. மனுஷ உடம்புல அப்படி நிரூபணம் ஆகல. அத நம்பி மருந்த விட்டுடாதீங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

வூட்டுக்கு வந்து கத்துனேன். "எங்கய்யா போன நேத்து? எங்கிட்ட எதுக்குய்யா பொய்யி?"

"பீச்சுல உக்காந்துகினு இருந்தேன்." தலைய நிமித்தவே இல்ல. "முடியலடி. அந்த மருந்து வேணாம்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. நீதான் அன்னிக்குப் படிச்சுக் காட்டுனியே."

மருந்து வேணாம்னு அதுல எங்கயும் இல்ல. நானும் சொல்லல. ஆனா படிக்கும்போது எனக்கு இருந்த சந்தோசத்த அவரு பாத்துக்கினுதான இருந்தாரு. மருந்த உடறதுக்கு அந்தப் பாவிக்கு அது போதும்னு ஆயிடுச்சு.

"நாளைக்கு நானும் வரேன், கெளம்பு"ன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு.