என் காது திறக்காமல் வந்த பதில்

எனக்குக் காது கேக்காது. அதால நான் கதைக்கேக்க சத்தம் கூடிப் போகுதா, குறைஞ்சு போகுதா என்டு எனக்கே தெரியாது. கூடிப் போனா முன்னால இருக்கிற ஆராவது கையைத் தாழ்த்திக் காட்டுங்க. ஆண்டவர் எனக்குச் செய்ததை வாயை மூடிக்கொண்டு வச்சிருக்க ஏலாமத்தான் இண்டைக்கு எழும்பி நிக்கிறன்.

என்ட பேர் ஜெயராணி. குறிஞ்சிப்பிட்டியில இருக்கிறன். புருஷன் கட்டார்ல வேலை. ஒரே மகள் கலியாணம் முடிச்சு சிலாபத்தில இருக்கிறா. இந்தச் சபையில கன வருசமாப் பாட்டு நடத்தினது நான்தான். புதுசா வந்த ஆக்களுக்கு அது தெரியாது. பெண்கள் கூட்டத்தில வேத வகுப்பும் எடுத்தனான். ஆவிக்குரிய வாழ்க்கையில முதிர்ச்சியடைஞ்ச ஆளை எப்பிடி அடையாளம் காணலாம் என்டு ஒரு வகுப்பு, அது எனக்கு மிச்சம் பிடிச்ச வகுப்பு. ஜெபத்தில தரிச்சிருக்கிறது, சோதனையில அசையாம நிக்கிறது, நாவை அடக்கிறது என்டு ஒவ்வொன்றாச் சொல்லிக் குடுப்பன். சொல்லேக்க என்னை நினைச்சுத்தான் சொல்லியிருப்பன் போல.

போன மாரி மழைக்கு முந்தி எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்டு பிறகு சொன்னாங்க. புத்தளம் ஆஸ்பத்திரியில கண் முழிச்சா, தாதி ஒருத்தி எனக்கு முன்னால நின்று வாயை அசைக்கிறா. சத்தம் போடாமக் கதைக்கிறா என்டு முதல்ல நினைச்சன். பக்கத்துக் கட்டில்ல மகள் அழுதுகொண்டிருந்தா. அவட வாயிலயிருந்தும் சத்தம் வரேல்ல. அப்பதான் விளங்கினது.

பிறகு கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டினாங்க. டொக்டர் எழுதிக் காட்டினார். காது நரம்பு செத்துப் போச்சு, மெஷின் போட்டாலும் பிரயோசனம் இல்லை என்டு. நல்ல மனுசன். எழுதிப்போட்டு என்ட முகத்தைப் பார்க்காம யன்னலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தனிமை என்டா என்ன என்டு அறிஞ்சன். எங்கட பக்கம் காத்து ஓயாது, உங்களுக்குத் தெரியும். தென்னையெல்லாம் வளைஞ்சு ஆடும், ஒரு சத்தமும் இல்லை. தோட்டத்தில தண்ணி மோட்டர் ஓடுதா நிக்குதா என்டு தொட்டுப் பார்த்துத்தான் அறியவேணும். ஆக்கள் வந்து கதவைத் தட்டுவாங்க. நான் உள்ளுக்குத்தான் இருப்பன். ஆள் இல்லை என்டு நினைச்சுத் திரும்பிப் போயிருவாங்க. பிறகு முத்தத்து மணலில செருப்படையாளத்தைப் பார்த்துத்தான், ஆரோ வந்து போயிருக்கிறாங்க என்டு அறிவன்.

என்ட புருஷனுக்கு எழுத்து வாசிப்புக் குறைவு. அதால கட்டார்லயிருந்து வீடியோவில கோல் எடுப்பார். அவர்ட வாய் அசையும், நான் தலையாட்டுவன். சாப்பிட்டீங்களா என்டு கையால கேப்பன். அவர் ஓம் என்டு தலையாட்டுவார். அதுக்குப் பிறகு இரண்டு பேருக்கும் செய்யிறதுக்கு ஒன்றும் இல்லை. ஒராளை ஒராள் பார்த்துக்கொண்டிருப்பம். கடைசியில அவர் கண்ணைத் துடைப்பார், நான் போனை வச்சிருவன்.

சபையில எனக்காக உபவாசம் இருந்தீங்க. அதுக்கு இப்பவும் நன்றி சொல்லுறன். வெளியூரிலயிருந்து வந்த ஊழியர் ஒருத்தர் என்ட காதில கையை வச்சு ஜெபிச்சார். ஜெபிச்சிட்டு எனக்குப் பின்னால நின்று கை தட்டினாராம். எல்லாரும் என்ட முகத்தைப் பார்க்கிறீங்க. என்னத்துக்குப் பார்க்கிறீங்க என்டு எனக்குத் தெரியாது. உங்கட முகமெல்லாம் மெல்ல மெல்ல வாடிப் போனதைக் கண்டன். கூட்டம் முடிய ஒரு சகோதரி, விசுவாசம் இன்னும் வேணும் அக்கா என்டு போன்ல எழுதிக் காட்டினா. அவ அன்பாத்தான் எழுதினா. ஆனா அதுக்குப் பிறகு நான் சபைக்கு வரேல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலமையில வெளிக்கிட்டு, சீலையும் உடுத்து, கதிரையில இருப்பன். இப்ப முதல் பாட்டுத் தொடங்கியிருக்கும், இப்ப காணிக்கைப் பாட்டு என்டு மனசுக்குள்ள நினைப்பன். பிறகு எழும்பிச் சீலையை மடிச்சு அலுமாரியில வைப்பன். நான் பாடின பாட்டுகள்ட ராகமும் மறந்துகொண்டே வந்தது. அதுதான் மிச்சம் பயமா இருந்தது.

ஒருநாள் குசினியில வெங்காயம் உரிச்சுக்கொண்டிருக்கேக்க கத்தியைக் கீழ வச்சிட்டு ஜெபிச்சன். நல்ல வார்த்தை ஒன்றும் வரேல்ல. "ஆண்டவரே, காது உம்மட விருப்பம். அதை இனிக் கேக்கமாட்டன். நான் சொல்லாமலே என்னை விளங்கிக்கொள்ள ஒரு ஆள் தாரும். ஒரேயொரு ஆள்." அவ்வளவுதான். இவ்வளவு வருச ஜெப வாழ்க்கையில அதுதான் என்ட ஆகச் சின்ன ஜெபம்.

கொஞ்ச நாள் போக, எங்கட ஒழுங்கைத் தெருவில முன் வீட்டுப் பௌசியா பின் வாசலால உள்ளுக்கு வந்து என்ட தோளைத் தொட்டா. அவங்கட குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலயிருந்து இடம்பெயர்ந்து வந்து இஞ்ச குடியிருக்கிற ஆக்கள். பெருநாளைக்கு அவங்க வீட்டுச் சாப்பாடு எங்களுக்கு வரும், கிறிஸ்மஸுக்கு எங்கட பலகாரம் அங்க போகும். அதுக்கு மிஞ்சிக் கதை பேச்சு இல்லை. அவட உம்மா இறந்து அப்ப கன நாள் ஆகேல்ல.

பௌசியா போன்ல எழுதிக் காட்டினா. "ஜெயா அக்கா, எங்கட தங்கச்சி றிஸ்வானாவுக்குப் பொறந்ததிலயிருந்தே காது கேக்காது. உம்மா போனதிலயிருந்து சோறு தின்னுறா இல்ல. ரோட்டுல போய் நிக்கிறா. நேத்து லொறியில அடிபடப் பார்த்தா. அவட மனசுல என்ன இரிக்கு என்டு எங்களுக்கு வெளங்குதில்ல. உங்களுக்கு வெளங்குமா என்டு பார்க்கத்தான் வந்தன்."

அதை வாசிச்சிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்லுறன். என்னை விளங்கிக்கொள்ள ஆள் கேட்டால், நான் போய் விளங்கிக்கொள்ளவேண்டிய ஆளையா அனுப்புறீர் என்டு உள்ளுக்குள்ள ஆண்டவரோட சண்டை பிடிச்சன். ஆனா பௌசியாட முகத்தைப் பார்த்து மறுக்க முடியேல்ல. சீலையைச் சரிப்படுத்திக்கொண்டு அவவுக்குப் பின்னால போனன்.

றிஸ்வானாவுக்கு முப்பது வயசு இருக்கும். பள்ளிக்கூடம் போனதில்லை. கைப்பாசையும் முறையாப் படிக்கேல்ல. அவவுக்கும் உம்மாவுக்கும் நடுவில ஒரு பாசை இருந்தது. அதை அவங்க இரண்டு பேர்தான் முழுசா அறிவாங்க. அந்த இரண்டு பேரில ஒராள் இப்ப இல்லை. அது எனக்கு அங்க போய் இருந்த பிறகுதான் உறைச்சது.

பௌசியா நடந்ததை எழுதினா. உம்மா ஆஸ்பத்திரியில மௌத்தான அண்டைக்கு, இவ பார்த்தாத் தாங்கமாட்டா என்டு பயந்து றிஸ்வானாவைக் கனமூலை ஊரில இருக்கிற மாமி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாங்க. அண்டைக்கே ஜனாஸாவை எடுத்து அடக்கியாச்சு. திரும்பி வந்து உம்மாவைத் தேடினவளுக்கு எல்லாரும் வானத்தைக் காட்டியிருக்கிறாங்க.

நான் றிஸ்வானாவுக்கு முன்னால இருந்தன். அவ முதல்ல என்னைப் பார்க்கேல்ல. நான் என்ட காதைத் தொட்டு, இல்லை என்டு கையை விரிச்சுக் காட்டினன். அவ திரும்பிப் பார்த்தா. எழும்பி வந்து என்ட காதுக்குப் பக்கத்தில விரலைச் சுண்டிப் பார்த்தா. நான் அசையேல்ல. அவட கண் பெரிசாச்சு. என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு விடாமக் கைகளாலயே சொல்லத் தொடங்கினா.

முக்காட்டைத் தலைக்கு மேல இழுத்து விடுற மாதிரிச் செய்தா. அது உம்மா. பிறகு வானத்தைக் காட்டி, கையை நீட்டிச் சாய்ச்சு மேல மேல கொண்டுபோனா. பிறகு முஷ்டியைப் பொத்தி நெஞ்சில குத்தினா. திரும்பத் திரும்ப அதையேதான் செய்தா.

பக்கத்தில நிண்ட பௌசியா, உம்மா வானத்துக்குப் போனது இவவுக்குத் தெரியும், அதுதான் கவலை என்டு எழுதிக் காட்டினா. நான் றிஸ்வானாட கையையே பார்த்துக்கொண்டிருந்தன். சத்தம் இல்லாத எனக்குப் பார்க்கிறதுக்கு வேற ஒன்றும் இல்லைதானே. சாய்ச்ச அந்தக் கையை நான் முந்தியும் கண்டிருக்கிறன். என்ட புருஷன் கட்டார் போனதை ஒழுங்கையில நிண்டு அவ உம்மாவுக்குச் சொன்னதும் அதே கையாலதான்.

"பௌசியா, உம்மா பிளேன்ல வெளிநாட்டுக்குப் போயிட்டா என்டு இவ நினைச்சுக்கொண்டிருக்கிறா" என்டு சொன்னன். "தனக்குச் சொல்லாமப் போயிட்டா என்டு உம்மாவோட கோவம். அதுதான் ரோட்டில நிண்டு பார்க்கிறா."

பௌசியா றிஸ்வானாவைத் திரும்பிப் பார்த்தா.

எங்கட ஊரில எத்தினை பொம்பிளையள் பிளேன் ஏறி வீட்டு வேலைக்குப் போறாங்க. அவள் வேற என்னத்தை நினைப்பாள்?

இவவுக்கு உண்மையைச் சரியாச் சொல்லவேணும் என்டு பௌசியா எழுதிக் கேட்டா. எப்பிடிச் சொல்லுறது? கண்ணை மூடி, "இதுக்கு எனக்குப் பாசை தாரும் ஆண்டவரே" என்டு கேட்டன். கண்ணைத் திறந்தா, கட்டிலில வெள்ளை விரிப்பு ஒன்று மடிச்சுக் கிடந்தது.

அந்த விரிப்பால செய்யப்போறதைப் பௌசியாவுக்குச் சொன்னன். அவ பயந்திட்டா. எப்பிடியக்கா அதைச் செய்யிறது என்டு எழுதினா. பிறகு ஓம் என்டு தலையாட்டினா.

நான் றிஸ்வானாவைப் பார்த்து, முக்காட்டை இழுத்து விடுற மாதிரிச் செய்து, என்னைத் தொட்டுக் காட்டினன். இப்ப நான்தான் உம்மா. வயித்தைப் பிடிச்சு நோவைக் காட்டினன். ஓட்டோவில ஏறிப் போறதைக் காட்டினன். அது அவ கண்டது, தலையாட்டினா. பிறகு பாயில படுத்துக் கண்ணை மூடினன். மூச்சை அடக்கினன். பௌசியா விரிப்பால என்னைத் தலையோட மூடினா.

அதுக்குள்ள ஒன்றும் இல்லை. சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை. எனக்குக் காது போன நாளிலயிருந்து நான் பயந்துகொண்டிருந்த இடம் அதுதான். உயிரோட மூடிவச்ச மாதிரி ஒரு இடம். அங்க படுத்துக்கொண்டு, என்னைப் பற்றி இல்லை, நான் பழகாத ஒருத்தி தாயை இழக்கப் போறாளே என்டுதான் நினைச்சன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு என்னை மறந்து இருந்த முதல் நேரம் அது. ஆண்டவர் எனக்குப் பக்கத்தில இருந்தார். அதை வேற மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது.

றிஸ்வானா விரிப்பை இழுத்தா. நான் கண்ணைத் திறக்கேல்ல. என்ட கன்னத்தில தட்டினா, தோளைப் பிடிச்சு உலுக்கினா. நான் அசையேல்ல. பிறகு அவட கை நிண்டுபோச்சு. கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் திறந்து பார்த்தன். அவ என்னைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, முக்காட்டைத் தலைக்கு மேல இழுத்தா. உம்மாவா என்டு கேட்டா. நான் தலையாட்டினன். பௌசியாவும் தலையாட்டினா.

அவ வாயைத் திறந்து அழுதா. எனக்குச் சத்தம் கேக்கேல்ல. ஆனா கட்டிப் பிடிச்சிருந்த என்ட நெஞ்சில அது அதிர்ந்தது. அக்கம்பக்கத்து ஆக்கள் வாசலுக்கு ஓடி வந்ததையும் கண்டன். நானும் அழுதன். என்ட காதுக்காக நான் அழாம வச்சிருந்த அழுகையும் அதோட சேர்ந்து போச்சு.

பின்னேரம் அவங்கட காக்கா, மூத்த அண்ணன், எங்களைக் கூட்டிக்கொண்டு போய், உம்மாவை அடக்கின மையவாடியில மதிலுக்கு வெளியால நிண்டு இடத்தைக் காட்டினார். றிஸ்வானா மதிலில கையை வச்சுக்கொண்டு கன நேரம் நிண்டா. வீட்டுக்கு வந்து பௌசியா குழைச்சுக் குடுத்த சோத்தில நாலு வாய் சாப்பிட்டா. ரோட்டுக்குப் பிறகு போகேல்ல.

இப்ப காலமையில எங்கட வீட்டுக்கு வருவா. கதவு தட்டமாட்டா, நேர உள்ளுக்கு வந்து எனக்கு முன்னால நிப்பா. இரண்டு பேரும் இருந்து மரக்கறி வெட்டுவம், கையால ஊர்க் கதையெல்லாம் கதைப்பம். அவ ஆக்களைச் சிரிக்க வைக்கிற நல்ல பகிடிக்காரி என்டு இவ்வளவு காலமும் ஊரில ஆருக்கும் தெரியாது. நான் சொல்லாமலே என்னை விளங்கிக்கொள்ளுற ஆள் கேட்டன்தானே. தலையிடிக்கிற நாளில என்ட முகத்தைப் பார்த்தவுடன சேட்டையை விட்டிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போறவ அவதான்.

நான் சபைக்குத் திரும்பி வந்தபோது சிலபேர் கேட்டீங்க, அவங்களுக்குச் சுவிசேஷம் சொன்னீங்களா என்டு. நான் அவங்களுக்காக ஜெபிக்கிறன், அது அவங்களுக்குத் தெரியும். பௌசியா எனக்காகத் துஆ கேக்கிறா, அது எனக்குத் தெரியும்.

தனிமை முழுசாப் போகேல்ல. பொழுதுபடுற நேரத்தில இப்பவும் வீடு ஒரு கிணறு மாதிரித்தான் இருக்கும். நீங்க பாடேக்க உங்கட வாயைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன், எந்தப் பாட்டு என்டு சிலவேளை தெரியாது. முந்தின வகுப்பில நான் சொன்னதெல்லாம் பிழை என்டு சொல்லமாட்டன். ஆனா இப்ப என்னைக் கேட்டா, முதிர்ச்சி என்டது, தன்ட ஜெபத்துக்குப் பதில் வராத நேரத்திலயும் மற்றவங்கட கண்ணீருக்குப் பக்கத்தில போய் இருக்க முடியிறதுதான் என்டு சொல்லுவன். அது எனக்கு வந்திட்டுது என்டு சொல்லேல்ல. ஒருநாள் ஒரு விரிப்புக்குக் கீழ அதைக் கொஞ்சம் ருசி பார்த்தன்.

உங்களிலயும் கேட்டது கிடைக்காம இருக்கிற ஆக்கள் இருப்பீங்க. வீட்டுக் கதவைச் சாத்தி வச்சிருக்கிற ஆக்கள் இருப்பீங்க. ஆண்டவரை நம்புங்க. அவர் ஆரையாவது அனுப்பினா, உங்களைவிடக் கஷ்டத்தில இருக்கிற ஆளா இருந்தாலும் எழும்பிப் போங்க.

காது கேக்காத ஆக்கள் ஒராளுக்கு ஒராள் கையால பேர் வைப்பாங்க. றிஸ்வானாவும் எனக்கு ஒரு பேர் வச்சிருக்கிறா. ஜெயராணி என்டு அவவுக்குத் தெரியாது. என்னைப் பற்றி வீட்டில சொல்லவேணும் என்டா, முகத்தை மூடின துணியை இரண்டு கையாலயும் விலக்கிற மாதிரிக் காட்டிப்போட்டு, கண்ணை முழிச்சுச் சிரிப்பா. அந்தப் பேரை எனக்குத் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.