முதல் குடும்பம் மட்டும்

சத்தியபாமாவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. பாதி அவள்மேல், மீதி என்மேல். கண்டியில் ஒரு சின்னக் கம்பியூட்டர் கம்பனியில் மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். அம்பிட்டியவில் அறை எடுத்திருந்தாள். ஊர் எது என்று கேட்டால் அதையே சொல்லுவாள். உண்மையில் அவள் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள். அந்தக் காம்பராவை நடுவில் பலகை அடித்துப் பிரித்து, முன்பக்கம் சித்தப்பா குடும்பமும் பின்பக்கம் அண்ணன் ஸ்ரீதரன் குடும்பமும் இன்றும் இருக்கின்றன. அண்ணன் மரக்கறி லொறியில் மூட்டை தூக்கித்தான் இவளைப் படிக்க வைத்தான். இதெல்லாம் எனக்குப் பிந்தித்தான் தெரியும்.

ஏன் மறைத்தாள் என்று கேட்க எனக்கு வாயில்லை. வேலைக்கு வந்த புதிதில், தோட்டத்து ஆட்களுக்கு எதைச் சொன்னாலும் மண்டையில் ஏறாது என்று பகல் சாப்பாட்டு மேசையில் சொன்னவள் யாழ்ப்பாணத்துக்காரி நான்தான். வாய்க்கொழுப்பு. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாள். நானும் அதைச் சிரிப்பென்றே எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு வேலை வந்தது. தோட்டங்களில் புது வீடு கொடுப்பதற்காக, எந்தக் காம்பராவில் யார் இருக்கிறார்கள் என்று ஆட்கள் போய்ப் பதிந்து அனுப்புவார்கள். நாங்கள் அதை எக்ஸ்எம்எல் கோப்பாகக் கட்டி, பிறகு அந்தக் கோப்பைப் படித்து, வீடு பெற வேண்டியவர்களின் பட்டியலை எடுத்துக் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் பெட்டி வைக்கிற வேலைதான். லயத்துக்குள் காம்பரா, காம்பராவுக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆட்கள். சத்தியபாமா பைதனில் எழுதினாள். ஒரு காம்பராவுக்குள் எத்தனை குடும்பம் வந்தாலும் தாங்கும்படி கட்டினாள். அறிந்தவள் அல்லவா.

முதல் பட்டியலைப் பார்த்த முகாமையாளர் அஸ்ஃபருக்கு முகம் சுருங்கியது. கெட்ட மனிதர் இல்லை. குண்டசாலையில் தனி வீட்டில் வளர்ந்தவர், அவ்வளவுதான்.

"ஒரே காம்பரா நம்பர் ரெண்டு மூணு தரம் வந்தீக்கி. டபிள் என்ட்ரி. மொதல்ல வாரத மட்டும் எடுங்க," என்றார்.

நானும் ஆமாம் போட்டேன். பத்தடி அறைக்குள் இரண்டு அடுப்பு எரியும் என்று நான் என்ன கண்டேன்? கண்டவள் பக்கத்தில் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவோமே என்ற பயம் அவளுக்கு. "சரி சேர்," என்றாள்.

கோப்பைக் கட்டும் பகுதியில் அவள் கை வைக்கவில்லை. படிக்கும் பகுதியில், எல்லாவற்றையும் தேடு என்பதற்கு 'ஃபைண்ட்ஆல்' என்று இருந்தது. அதில் 'ஆல்' போய் 'ஃபைண்ட்' மிஞ்சியது. அது முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அதற்குத் தோதாக இன்னொரு வரியையும் திருத்தினாள். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. கோப்புக்குள் ஸ்ரீதரன், மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள். பட்டியலில்தான் இல்லை.

பட்டியலைத் தோட்டத்து ஆபீசில் ஒட்டினார்கள். அடியில் எங்கள் விலாசம் இருந்ததால் மூன்றாம் நாள் ஸ்ரீதரன் வந்து நின்றான். வாசலோரத்து மேசை சத்தியபாமாவுடையது. அஸ்ஃபரும் நானும் அங்கேயே நின்றோம். கூடப் பிறந்தவளைக் கண்ட சாயல்கூட அவன் முகத்தில் இல்லை.

"மிஸ், எங்க காம்பராவுல ரெண்டு குடும்பம் இருக்கோங்க. சித்தப்பா பேரு வந்திருக்கு. எம் பேரக் காணோம்."

ரெக்கோட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை, பாவி. அவன் "சரிங்க மிஸ்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அதன் பிறகுதான் அவளுக்கு என்னவோ ஆனது. அழித்ததைத் திரும்பப் போட்டு ஓடவிட்டாள். இருநூற்றுப் பதினான்கு குடும்பங்கள் புதிதாக வந்தன. இவை டபிள் என்ட்ரி இல்லை, இப்போது போனது என் அண்ணன் என்று அஸ்ஃபரிடம் நேராகச் சொன்னாள். அஸ்ஃபர் உடனே கொழும்புக்கு ஃபோன் எடுத்தார். பட்டியல் கையெழுத்தாகிப் போய்விட்டதாம். அடுத்த கட்டத்தில் பார்க்கலாமாம். எப்போது என்று அவர்களுக்கே தெரியாதாம்.

"இத அண்டைக்கே சொல்லீக்கலாமே, தங்கச்சி," என்றார் அவர்.

அவள் படிக்கட்டுக்குப் போய் அண்ணனுக்கு ஃபோன் எடுத்தாள். பேரை விட்டதே நான்தான் என்று சொல்லப் போகிறேன் என்றாள். துணைக்கு நானும் நின்றேன். அவன் பஸ்ஸுக்குள் இருந்தான். இரைச்சலில் கத்திப் பேசியதால் எனக்கும் கேட்டது. இவள் வாய் திறக்குமுன் அவனே தொடங்கிவிட்டான்.

"பயப்படாத பாமா. ஒன்னத் தெரிஞ்ச மாதிரி நான் காட்டிக்கவே இல்ல. எம் பேரு எப்படி விட்டுப்போச்சுன்னு மட்டும் மெதுவா விசாரிச்சுச் சொல்லு."

"சரிண்ணே," என்றாள் அவள்.