ஆறாவது ஆள்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை, நான். பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எப்படி எண்ணினாலும் ஐந்துதான் வரவேண்டும். என் பத்தாவது வயதில், ஐப்பசி அடைமழையில், ஒரு வாரம் முழுக்க எனக்கு ஆறு வந்தது. இதைச் சொல்லலாமா கூடாதா என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். இனி யோசித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் அந்தப் புத்தகத்தைச் சொல்லவேண்டும். பெரியப்பா ஒருமுறை கும்பகோணத்தில் பித்தளை அண்டாவை ஈயம் பூசக் கொடுத்துவிட்டு, காத்திருந்த நேரத்தில் பக்கத்துப் பழைய பேப்பர் கடையிலிருந்து எடுத்து வந்தது. அட்டை கிடையாது. முன்பக்கம் பத்துப் பதினைந்து தாள்களைக் கரையான் தின்றிருந்தது. அதனால் எழுதியவர் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. கடல் கடந்த ஏதோ ஒரு தேசத்தில், வெகுகாலத்துக்கு முன் வாழ்ந்த பெரிய எழுத்தாளர், அவர் நினைத்ததையெல்லாம் யாரோ தமிழில் ஆக்கியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. நாலு பாகம். உண்மை, துன்பம், மகிழ்ச்சி, மனித சுபாவம். பெரியப்பா அவரைப் 'பெரியவர்' என்றே சொல்வார், ஏதோ மாடியில் குடியிருக்கிறவரைச் சொல்வது மாதிரி.

எங்கள் பக்கம் கயிறு போட்டுப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காரியத்தில் மனசு இப்படியா அப்படியா என்று ஆடும்போது, சாமி புத்தகத்தை மூடிவைத்து, ஒரு குழந்தை கையில் மஞ்சள் கயிற்றைக் கொடுத்து, தாள்களுக்கு நடுவே விடச் சொல்வார்கள். கயிறு விழுந்த பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உத்தரவு. பெரியம்மா போனதிலிருந்து பெரியப்பாவுக்குச் சாமிகளோடு ஏதோ மனத்தாங்கல். ஆகவே எங்கள் வீட்டில் மட்டும் புராணம் இருந்த இடத்தில் பெரியவர் வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்று விடலாமா என்று கேட்டால், அவர் மனிதனின் பொறாமையைப் பற்றி ஏதாவது சொல்வார். பெரியப்பா அதை அரைமணி நேரம் யோசித்து, "அடுத்த வாரம் விடலாங்கிறாரு" என்பார். எங்கள் வயலில் விளைச்சல் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

கயிறு விடுவது என் வேலை. கள்ளமில்லாத கை வேண்டுமாம். எனக்கோ கயிற்றைத் தொட்டதுமே உள்ளங்கை வேர்க்கும். அன்றைக்குச் சொன்ன பொய்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். என்னால் ஏதாவது கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். இப்போதும் அது போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. இருபத்தெட்டு வயது. அவளுக்கு வலிப்பு வரும். மாதம் ஒருமுறை, சில மாதம் வராமலும் இருக்கும். வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். 'அந்தச் சமாச்சாரம்' என்பார்கள். எங்கள் வீடு ஊரைவிட்டுத் தள்ளி, வயலுக்கு நடுவே ஒற்றையாக இருந்தது. மழை பிடித்துவிட்டால் நாலு பக்கமும் தண்ணீர்தான். அதனால் விஷயம் வெளியே போகவில்லை.

அந்த ஐப்பசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். பெண் பார்க்க வருகிற நாளும் குறித்தாகிவிட்டது.

"சொல்லிடுவோம்டா" என்றார் பெரியப்பா.

"சொன்னா எவன்ணே வருவான்?" அப்பாவுக்குக் குரல் உயர்ந்தது. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்னு எல்லாருந்தான் சொல்றாங்க."

"எந்த எல்லாரும்? வீட்டவிட்டு வெளியில சொன்னாத்தானே எல்லாரும் சொல்றதுக்கு?"

அம்மா மெதுவாக, "அவளையும் ஒரு வார்த்த கேக்கலாம்ல" என்றாள்.

எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அண்ணனுங்க பாத்துச் செய்யிறது" என்றாள். முறம் நிற்கவேயில்லை.

வேறு வழி தெரியாமல் பெரியப்பா புத்தகத்தை எடுத்துவந்து பெஞ்சில் வைத்தார். நான் கயிற்றை விட்டேன். அது தானாகவே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ நுனியைப் பிடித்து இழுத்தது மாதிரி.

உண்மை என்ற பாகத்தில் ஒரு பக்கம். சொல்லுக்குச் சொல் எனக்கு ஞாபகமில்லை. உண்மையை ஒளித்துவைக்கிற வீட்டில் கூடுதலாக ஒருவர் குடியிருப்பார், அவருக்கும் சேர்த்துத்தான் அந்த வீட்டில் உலை வைக்கவேண்டும், அவர் பசி மட்டும் ஆறாது என்கிற மாதிரி எழுதியிருந்தது.

பெரியப்பா புத்தகத்தை மூடி, திருப்பிப் போட்டு, "இன்னொரு வாட்டி விடு பாப்பா" என்றார். விட்டேன். அதே பக்கம். மூன்றாம் முறை என் கண்ணைப் பொத்திவிட்டு விடச் சொன்னார்கள். கடைசிப் பக்கமாகப் பார்த்து விடவேண்டும் என்று கையை ஓரத்துக்கு நகர்த்தினேன். கயிறு நடுவே போய் விழுந்தது. கண்ணைத் திறந்தால் அதே பக்கம்.



"அச்சடிச்ச காயிதம்ணே இது" என்றார் அப்பா. "காயிதமா வந்து நம்ம பொண்ணக் கட்டிக் குடுக்கப் போவுது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "யாராவது எதாவது கேட்டா வாயத் தொறக்கக் கூடாது. தெரியுதா?"

தெரியுது என்று தலையாட்டினேன். ஆட்டும்போதே எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

மழைக்கால நடுப்பகலில் நிழலே விழாது. கூடத்தில் சாம்பல் வெளிச்சம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் நான் ஆட்களை எண்ணினேன். அம்மா அடுப்படியில், அப்பா வாய்க்கால் கரையில் மடை பார்க்கப் போயிருக்கிறார், பெரியப்பா உள்ளறையில் தூங்குகிறார், அத்தை கொல்லையில், நான் வாசல் திண்ணையில். ஐந்தும் தீர்ந்த பிறகு கூடத்தில் தாள் புரளும் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. பெஞ்சில் புத்தகம் மட்டும் கிடக்கும். கொல்லைப்புறத்திலிருந்து பெஞ்சுவரைக்கும் ஈரக் காலடிகள் வந்திருக்கும். திரும்பிப் போன காலடி எதுவும் இருக்காது.

இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தாள். அப்பா, பெரியப்பா, அத்தை, நான், அவள். வைத்து முடித்துவிட்டு அப்படியே நின்றாள். ஆறு தட்டு இருந்தது. அம்மா அந்த ஆறாவது தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சத்தம் வராமல் எடுத்துக் கவிழ்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

கடைசியில் அத்தையிடம்தான் கேட்டேன். அவள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நம்ம வீட்ல இன்னொருத்தர் இருக்காங்களா?"

சடையைப் பிடித்திருந்த கை நின்றது.  பிறகு குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில், "ஒனக்கும் தெரியுதா?" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது, சோறு ஏது.

பெண் பார்க்கும் நாளன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. கார் வயல்வரப்புவரை வரமுடியாமல் ரோட்டிலேயே நிற்க, அவர்கள் வேட்டியையும் புடவையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு தாய்மாமன். மாப்பிள்ளை சாதுவாக இருந்தார். செருப்பில் ஒட்டிய சேற்றைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாதான் கலகலவென்று பேசினார்.

"வாங்க வாங்க, ஒக்காருங்க" என்று அப்பா பத்துத் தடவை சொன்னார். கேசரி வந்தது, காப்பி வந்தது. அத்தை அரக்குப் புடவையில் வந்து நமஸ்காரம் பண்ணினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. அவள் விழுந்துவிடுவாளோ, இப்போதே வந்துவிடுமோ என்று நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. தாய்மாமன் திருப்தியாக மீசையைத் தடவிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நல்ல மனுஷி. கையில் மருதாணி வாசனை அடித்தது.

"என்ன பாப்பா இப்புடி வேர்த்து ஊத்துது? பூச்சாண்டியா நானு?" என்று சிரித்தார். "எங்க ஊருக்கு வர்றியா? அத்தையோட வந்துடு. சரி, ஒங்க வீட்ல மொத்தம் எத்தன பேரு, சொல்லு பாப்பம்?"

உலகத்திலேயே சுலபமான கேள்வி. குழந்தையைப் பேசவைக்க எல்லாரும் கேட்பதுதான்.

"ஆறு" என்றேன்.

"ஆறா? அஞ்சுன்னுல்ல சொன்னாங்க." அவர் விரலை மடக்கினார். "ஆறாவது ஆளு யாரு? அத எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ அறுந்துபோயிற்று.

"அத்தைக்கு வலிப்பு வரும். அத ஒளிச்சு வச்சிருக்கோம். அதுதான் ஆறாவது. அதுக்கும் சேத்துத்தான் ஒல வைக்கிறோம். கூடத்துல நடக்குது. காலு ஈரமா இருக்கும்."

 அந்த அம்மாள் என் தோளில் போட்டிருந்த கையை எடுக்கவில்லை. ஆனால் அதன் கனம் மாறிவிட்டது. தாய்மாமன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா என்னைப் பார்க்கவேயில்லை. சுவரைப் பார்த்தார்.

அவர்கள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். "வீட்ல கலந்துகிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார் தாய்மாமன். மாப்பிள்ளையின் அம்மா வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அத்தையின் கன்னத்தைத் தொட்டு, "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சேற்றில் அவர்கள் கால்தடம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அப்பா அடித்தார். அதைச் சொல்வதற்கில்லை. அம்மா நடுவில் விழுந்து தடுத்தாள். "பச்சப் புள்ளங்க அது!" என்று கத்தினாள். பெரியப்பா எழுந்து போய், பெஞ்சிலிருந்த புத்தகத்தைக் கையில் எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். கயிறும் இல்லை, என் கையும் இல்லை. அது தானாக விரிந்து அந்தப் பக்கத்தில் நின்றது. மூடினார். மறுபடி விரிந்தது. அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தாள்.  பெரியப்பா புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டு வந்து, "விடுடா அவள" என்று அப்பாவின் கையைப் பிடித்தார்.

எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆறாவது ஆள் எங்கள் கண்ணெதிரே புத்தகத்தைத் திறந்துகாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்று, கும்பகோணத்தில் பைண்டிங் கடை ஒன்றில் வேலைக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டது இது. ஒரு புத்தகத்தை ஒரே இடத்தில் விரித்து, முழங்கையை ஊன்றித் திரும்பத் திரும்ப அழுத்தினால், தாள்களைச் சேர்த்துத் தைத்த அதன் முதுகு அங்கே உடையும். பிறகு ஆயிரம் முறை மூடினாலும் அங்கேதான் திறக்கும், கயிறும் அங்கேதான் போகும். அதற்கு நாலைந்து நாள் போதும், சம்பந்தம் வந்ததிலிருந்தே, மத்தியானங்களில், வீடு தூங்கும்போது. அண்ணன்மாரிடம் வாய்விட்டுச் சொல்லமுடியாத ஒருத்தி கொல்லையிலிருந்து ஈரக்காலோடு வந்து, வாசித்துவிட்டு, கால் காய்ந்த பிறகு போயிருந்தால், திரும்பிப் போன தடம் இருக்காது. இதைக் கண்டுபிடித்த அன்று கையிலிருந்த பசைக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன். ஆனாலும் அம்மா ஏன் ஆறு தட்டு வைத்தாள் என்பதற்கு எந்தக் கடையிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அதெல்லாம் பின்னால். அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தையின் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்பதுதான். அடி வாங்கிய தொடை எரிய, உள்ளறை மூலையில் ஒடுங்கிக் கிடந்தேன். அப்போது கொல்லையில் வைக்கோல்போர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சு திணறுகிற மாதிரி, தொண்டைக்குள் ஏதோ உடைகிற மாதிரி. நின்று, நின்று, மறுபடி வந்தது.

வந்துவிட்டது என்று நினைத்தேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்கவேண்டும் என்பார்கள். சுவரில் தொங்கிய சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

அத்தை அரக்குப் புடவையோடு ஈர வைக்கோலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் அவள் விரல்களைப் பிரித்து, சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கி மூடினேன். "போயிடும் அத்தை, போயிடும்" என்று அழுதேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சாவிக்கொத்தைப் பார்த்தாள். சத்தம் இன்னும் அதிகமாயிற்று. முந்தானை வாயிலிருந்து நழுவி விழுந்தது.

நான் சாவியை இன்னும் இறுக்கமாக அழுத்தினேன். அத்தை சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.