பம்பரத்தை நிறுத்திய மாமா

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் மூடாது. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் எட்டுவது அவர் குரல்தான். "உள்ள யாரு இருக்கீங்க? பயப்படாதீங்க. இன்னிக்கு ஆபீசுக்கு லேட்டாப் போக நல்ல காரணம் கிடைச்சுதுன்னு வச்சுக்குங்க!" என்று ஆரம்பித்தால், கதவு திறக்கும்வரை விடமாட்டார். அழுதபடி உள்ளே நின்றவர்கள் சிரித்தபடி வெளியே வருவார்கள்.

நாற்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நர்ஸாக இருந்த அவர் அக்கா, கணவர் இறந்ததும் கைக்குழந்தையோடு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் மாமா அவளைப் பம்பரம் என்றே கூப்பிட்டார். கட்டில், சோபா, படிக்கட்டுக் கைப்பிடி என்று எதையும் விட்டுவைக்காமல் அவள் குட்டிக்கரணம் அடித்த காலத்தில், "வீடு உடையறதுக்குள்ள இவள எங்கயாவது சேர்த்துவிடுடா" என்று அக்கா கெஞ்சினார். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுபோய் நகராட்சி விளையாட்டுக் கூடத்தில், ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்தது மாமாதான்.

அங்கே பயிற்சி கொடுத்த மேடம், மாமாவுக்கு நேர் எதிர். அளந்துதான் பேசுவார். அவரே ஒருநாள் கூப்பிட்டு, தேசிய அளவில் திறமையான குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கும் சோதனைக்குப் பம்பரத்தை அனுப்பலாம் என்றார்.

"நல்லா பல்டி அடிப்பா மேடம்! அசந்துடுவாங்க!"

"அங்க யாரும் பல்டி பாக்க மாட்டாங்கண்ணா. உடம்புல பலம் இருக்கா, வளையுதா, சொன்னபடி கேக்குதா, அதத்தான் பாப்பாங்க."

ஓட்டம் தவிர, கால்களை உபயோகிக்காமல் கயிறு ஏற வேண்டும். கம்பியில் தொங்கியபடி கால்களை விறைப்பாக முகம்வரை தூக்க வேண்டும். கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்க வேண்டும். உள்ளங்கை இடம் மாறிவிட்டால் அதோடு சரி. பம்பரத்துக்கு முதல் இரண்டும் பரவாயில்லை. மூன்றாவதுதான் இடித்தது. சுவர் ஓரமாக நின்றால் நிற்பாள். நடுக்கூடத்துக்கு வந்தால் கையாலேயே நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கர்ப்பமாக இருந்த மேடத்தைப் படுக்கையைவிட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதிலுக்கு வந்த பயிற்சியாளருக்கோ வாண்டுகளைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதவில்லை. ஆபத்தான பயிற்சி வந்தால் மட்டும் பக்கத்தில் வந்து நிற்பதாகச் சொன்னார். "இந்த வருஷம் வேண்டாம், விட்டுடுவோம்" என்றார் அக்கா. பம்பரம் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடமே ஃபோன் செய்தார். "நான் வீடியோவுல பாத்துச் சொல்றேன். ஃபோனப் பிடிக்கவும் பக்கத்துல நிக்கவும் பெரியவங்க யாராவது வேணும்."

"ஊரையே மேல ஏத்தி விடுறவன் நான். எங்க அக்கா பொண்ண ஏத்த மாட்டேனா?" என்றார் மாமா.

பேச்சு பெரிதாக இருந்தது, வேலை அப்படி இல்லை. முதல் வாரம் அவர் காட்டிய வீடியோவில் பாதி கூரையும் மீதி அவருடைய தொப்பையுமாகத் தெரிந்தது. பம்பரம் கயிற்றைத் தொடுமுன்பே, "விடாத! ஏறு! ஏறு!" என்று கூடம் அதிரக் கத்தினார். மேடம் சொன்னதற்கு மேல் கூடுதலாக ஏறவைத்ததில் அவள் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது.

"நான் சொன்னத மட்டும் செய்ங்க. அவ ஓய்வு எடுக்கறதும் பயிற்சிதான்" என்றார் மேடம். குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. அன்று மாலை அக்காதான் சிறுமியின் கைக்கு மருந்து போட்டார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சை நீட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு மேடம் 'போதும்' என்றால் அவருக்கும் போதும். பம்பரமே "இன்னும் ஒரு தடவை மாமா" என்று கொஞ்சினாலும் அசைந்துகொடுக்கவில்லை.

கயிறு வசத்துக்கு வந்தது. கால்கள் விறைத்து உயர்ந்தன. தலைகீழ் நிலைதான் மசியவில்லை. ஒருநாள் நாலைந்து முறை சரிந்து விழுந்தவள், மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "என்னால முடியாது, எனக்கு நிக்கவே வராது" என்று விசும்பினாள்.

மாமா ஃபோனைப் பெஞ்சில் சாய்த்துவைத்தார். பெருத்த உடம்போடு முனகிக்கொண்டே, அவள் கை ஊன்றும் இடத்துக்கு எதிரே தரையில் படுத்தார்.

"சரி, நிக்க வேணாம். சும்மா தலைகீழா வா, ஒரு விஷயம் கேக்கணும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையை ஊன்றிக் காலைத் தூக்கினாள். இருவர் முகமும் நேருக்கு நேர்.

"நேத்து உன் பென்சில் பாக்ஸ ஒளிச்சு வச்சது யாரு?"

"பக்கத்து பெஞ்சுக்காரி."

"நீ என்ன பண்ண?"

"அவ செருப்ப ஜன்னல் மேல வச்சேன்."

"அடிப்பாவி! டீச்சர் பாக்கலையா?"

"பாத்தாங்க. காத்துல பறந்துடுச்சுன்னு சொன்னேன்."

லிஃப்டுக்குள் மாட்டியவர்களோடு பேசுவது போலவே அவர் பேசிக்கொண்டே போனார். அவளும் பதில் சொல்லிக்கொண்டே போனாள். கைகள் அச்சடித்தாற்போல அங்கேயே இருந்தன. பெஞ்சில் இருந்த ஃபோனிலிருந்து மெல்லிய குரல் வந்தது: "அப்படியேண்ணா. நிறுத்தாதீங்க."

காலை இறக்கியதும்தான், தான் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதே பம்பரத்துக்கு உறைத்தது. கூடம் முழுக்கக் குதித்தாள். மேடம் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சோதனையில உங்கள உள்ள விட மாட்டாங்களேண்ணா" என்றார்.

மறுநாளிலிருந்து பேச்சைக் குறைக்கும் வேலை. மாமா பேச்சைப் பாதியில் நிறுத்துவார். மீதியை அவள் மனதுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். பிறகு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவார். கடைசியில் கேள்வியும் இல்லை. வாயை மூடிக்கொண்டு சுவரோரம் நிற்பது அவருக்குத்தான் பெரும்பாடாக இருந்தது. தண்ணீர் பாட்டிலைக் குடித்துக் குடித்துக் காலி செய்தார்.

சோதனை நடந்த அரங்கத்தில் ஒரே மாதிரி டிராக் சூட் அணிந்த குழந்தைகளும், கையில் ஸ்டாப்வாட்சோடு பயிற்சியாளர்களும் நிறைந்திருந்தார்கள். தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நின்ற ஒரு தகப்பனார், "உங்க பொண்ணுக்கு நீங்கதான் கோச்சா?" என்று கேட்டார்.

"கோச் பெட் ரெஸ்ட்ல இருக்காங்க. நான் ஃபோன் ஸ்டாண்டு" என்றார் மாமா.

கயிற்றில் பம்பரம் பாதி வழியில் கொஞ்சம் திணறினாலும் உச்சியைத் தொட்டுவிட்டாள். ஓட்டத்தில் நடுத்தரம். கம்பியில் நன்றாகச் செய்தாள். கடைசியாகத் தலைகீழ் நிலை. அவள் கையை ஊன்றிக் காலை உயர்த்தினாள். மாமா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து மெத்தைகளில் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். இவள் நின்றாள். உதடுகள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன. நடுவர் குனிந்து அவள் உள்ளங்கைகளைப் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "போதும்மா, இறங்கு" என்று அவரே சொன்ன பிறகுதான் இறங்கினாள்.

வெளியே வந்ததும், "மனசுல யாரோட பேசின? பக்கத்து பெஞ்சுக்காரியோடயா?" என்று கேட்டார் மாமா.

"உங்களோடதான். கூட்டத்துல கத்தி மானத்த வாங்கிடாதீங்கன்னு திட்டிட்டே இருந்தேன்."

முடிவு வந்தபோது மாமா ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஃபோனில் "எடுத்துட்டாங்கடா" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தேசிய முகாமுக்குத் தேர்வானவர்களில் பம்பரமும் ஒருத்தி. மாமா போட்ட கூச்சல் கீழிருந்து மேல்மாடிவரை கேட்டதாம். ஏதோ விபத்து என்று பயந்து காவலாளி ஓடிவந்தார்.

அடுத்த மாதம் மேடத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. முகாமுக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பம்பரம் அறை வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் தொட்டில் அருகே நின்றாள். குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

"தூக்கிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள்.

"உன் கைய நம்பி என்ன வேணும்னாலும் குடுக்கலாம்" என்று மேடம் குழந்தையை எடுத்து அவளிடம் நீட்டினார்.