கல்தொட்டி அல்லி

அந்தக் கோடையில் எங்கள் கண்மாய் வற்றி, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டு அல்லிக் கிழங்கு தோண்டுவதுதான் எங்களுக்கு விடுமுறை வேலை. மழைக்காலம் முழுக்கத் தண்ணீர்மேல் இலை விரித்திருந்த கொடி, செத்துவிட்டதாக ஊரை நம்பவைத்துவிட்டு மண்ணுக்குள் உருண்டையாய்த் தூங்கும். அவித்தால் துவர்க்கும், ஆனாலும் தின்போம்.

தோண்டியதில் ஒன்றை அடுத்த வீட்டில் இருந்த அத்தையிடம், அதாவது மாமாவின் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை அவிக்கவில்லை. உழவு மாடுகளை விற்றபின் சும்மா கிடந்த கல்தொட்டியில் மண்ணைப் போட்டு, கிழங்கைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினாள். குடிதண்ணீருக்கே சைக்கிளில் குடம் கட்டி அலைந்த காலம். "மனுசருக்கே தண்ணி இல்ல, இவ பூச்செடி வளக்குதா" என்று அம்மா என்னிடம் சொல்வதுபோல் அத்தை காதில் விழச் சொன்னாள். அத்தை தன் குளியலைக் குறைத்துக்கொண்டாள்.

தொட்டி விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். பாய் சுருட்டியதுபோல ஓர் இலை அடியிலிருந்து ஏறி வரும். நீர்மட்டத்தைத் தொட்டதும் மெல்ல விரியும். அத்தை ஒரு குடம் கூடுதலாக ஊற்றினால் இலை முங்கிவிடும். ஓரிரு நாளில் தண்டு நீண்டு, இலை மறுபடி மேலே மிதக்கும். நானும் அந்த மண்ணில் கால் புதைய நின்று, பச்சைக் கூரை வழியே வானத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வேன். மத்தியானங்கள் அப்படியே கரைந்துபோயின.

அத்தைக்குக் குழந்தை இல்லை. மாமாவுக்கு இன்னொருத்தியைக் கட்டிவைக்க வேண்டும் என்று அவருடைய அக்காவான என் அம்மாதான் பேச்சை எடுத்திருந்தாள். ஓட்டப்பிடாரம் பக்கம் பெண் இருப்பதாகத் தரகர் வந்து வந்து போனார். மாமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு அத்தையே இத்தனை கொஞ்சினால், இரண்டு அத்தைகள் எவ்வளவு கொஞ்சுவார்கள்!

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன மாமா, வாய்க்காலில் மிதந்த ஆகாயத்தாமரையை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து தொட்டியில் போட்டார். "இதுக்கு மண்ணே வேண்டாம்லா, மெதந்துக்கிட்டே பூக்கும்" என்று அவருக்கு ஏகப் பெருமை. அது பூத்தது, ஊதா நிறத்தில். அதோடு குட்டி போட்டுக் குட்டி போட்டுத் தொட்டியை அடைத்தது. அல்லி இலைகள் வெயில் காணாமல் மஞ்சளாயின. புதிதாக ஏறி வந்த இலை விரிய இடமில்லாமல் சுருண்டபடியே அழுகியது. அத்தை அதை எடுத்துக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அம்மாவோடு போனபோது, அத்தை முழங்கைவரை சேறாக, ஆகாயத்தாமரையை வேரோடு வாரிக் குப்பைக்குழியில் எறிந்துகொண்டிருந்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, பூக்கிற செடியப் போய் ஏன் பிடுங்குத?" என்றாள் அம்மா.

அத்தை நிமிரவில்லை. "ஒரு தொட்டிக்குள்ள ரெண்டு நிக்காது மதினி. ஒண்ணு இருக்கணும்னா ஒண்ணு போகணும். எது போகணும்னு உங்க தம்பியவே சொல்லச் சொல்லுங்க."

மாமா எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரும் தொட்டிக்குள் கையை விட்டு வாரத் தொடங்கினார். அத்தைக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"இவ்ளோ பெரிய தொட்டிதான, ரெண்டும் இருக்கட்டுமே" என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு தரகர் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. வருவதாக இருந்த புது அத்தையை எங்கோ வழியில் தொலைத்துவிட்டார் என்று வெகுகாலம் நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.